சபை இல்லாத மாகாணமும் அதன் ஆளுநரும்

அப்பாவின் தகரப் பெட்டியில், காணி உறுதிகளுக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களுக்கும் அடியில், மாகாண சபைகளை உருவாக்கிய, இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடங்கிய மெல்லிய புத்தகமொன்று இருந்தது. வெள்ளவத்தை வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அதைக் கையில் எடுத்தேன். தாள்கள் மஞ்சளேறி, ஓரங்கள் பொடியாய் உதிர்ந்தன. மாகாண ஆளுநரின் நியமனத்தைக் கூறும் 154ஆ உறுப்புரையின் பக்கத்தில் அப்பா பென்சிலால் இரண்டு கோடுகள் இழுத்து, “இதுதான் திறப்பு” என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களும் எவ்வளவு சரியானவை என்பதை, அந்த உறுப்புரையைப் பலமுறை வாசித்த பிறகே விளங்கிக்கொண்டேன்.

நம் பாட்டன் காலத்துத் தமிழில் ஆளுநருக்குத் தேசாதிபதி என்று பெயர். கொழும்பில் இருந்துகொண்டு பிரித்தானிய முடியின் பெயரால் நாட்டை ஆண்டவர் அவர். 1798 இல் பிரெடெரிக் நோர்த்துடன் தொடங்கிய அந்த வரிசையின் கீழ், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1833 இல் தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது; 1889 இல் சப்ரகமுவ பிரிக்கப்பட்டதோடு எண்ணிக்கை ஒன்பதானது. மாகாணத்துக்கு ஒரு அரசாங்க அதிபர், அவருக்குக் கச்சேரி என்றொரு அலுவலகம். அவர் பதில்சொல்ல வேண்டியது தேசாதிபதிக்கே தவிர மாகாணத்து மக்களுக்கு அல்ல. சுதந்திரத்தின் பின் நிருவாகம் மாவட்டங்களின் கைக்குப் போக, மாகாணம் பெரும்பாலும் வரைபடத்துக் கோடாகவே எஞ்சியது. 1987 இல் அதே ஒன்பது மாகாணங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தபோது, மேலிருந்து அனுப்பப்படும் ஒருவர் என்ற பழைய ஏற்பாடும் ஆளுநர் என்ற புதிய பெயரில் திரும்பி வந்தது என்றே நான் கருதுகிறேன்.

1987 ஜூலை 29 ஆம் திகதி கைச்சாத்தான இலங்கை இந்திய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலமும் மாகாண சபைகள் சட்டமூலமும் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தன. ஒன்பது நீதியரசர்கள் கொண்ட ஆயம் ஏறக்குறைய நடுவால் பிளந்து நின்ற வழக்கு அது. அதிகாரத்தை மாகாணங்களுக்குப் பகிர்ந்தால் ஒற்றையாட்சி குலைந்துவிடுமா என்ற கேள்விக்கு, குலையாது என்று விடை கூறியவர்களின் முக்கியமான நியாயங்களில் ஒன்று ஆளுநரைப் பற்றியது: ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார், ஜனாதிபதி விரும்பும் காலம் வரையே அவர் பதவி வகிக்கிறார், ஆகவே மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியின் பிடியை விட்டு அகலவில்லை. அந்தத் தரப்பின் தீர்மானத்தை எழுதியவர் அன்றைய பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தா. 1988 இல் மேல் மாகாணத்தின் முதல் ஆளுநராக நியமிக்கப்பட்டவரும் அவரே. கொழும்புத் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும் என்று யோசிக்கிறேன். இந்தப் பதவியின் சட்டத் தன்மையை வரையறுத்த கையே, அந்தப் பதவியின் முதல் கோப்புகளிலும் ஒப்பமிட்டது.

அப்படியானால் ஆளுநர் செய்வதென்ன? முதலமைச்சரும் அவரோடு நான்குக்கு மேற்படாத அமைச்சர்களும் கொண்ட அமைச்சர் சபை ஆலோசனை கூற, அதன்படி அவர் நடக்க வேண்டும்; ஆயினும், தற்றுணிபின்படி, அதாவது தன் சொந்தத் தீர்மானப்படி, செய்ய வேண்டியவை இந்த விதிக்குப் புறம்பானவை, ஒரு விடயம் தற்றுணிபுக்குரியதா என்பதில் அவர் சொல்வதே முடிவு. சபையைக் கூட்டுவதும் கலைப்பதும் அவர் பெயரிலேயே நடக்கும். சபை நிறைவேற்றிய நியதிச்சட்டம் அவருடைய சம்மதமின்றிச் சட்டமாகாது. அவர் அதை மீளாய்வுக்குத் திருப்பலாம், சபை மீண்டும் நிறைவேற்றினால் ஜனாதிபதி வழியாக உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒதுக்கிவைக்கலாம். மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவை நியமிப்பவரும் அவரே. பதவிக்காலம் ஐந்து ஆண்டு என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 2019 நவம்பரிலும் 2024 செப்டம்பரிலும் ஜனாதிபதி மாறியதும் ஆளுநர்களும் மாறியதைக் கண்டோம்.

வடக்கில் இது ஏட்டுச் சட்டமாக இருக்கவில்லை. ஒரே மாகாணமாக இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கின் முதல் ஆளுநர் முன்னாள் இராணுவத் தளபதி நளின் செனவிரத்ன. 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாது என்று தீர்த்த பின், 2013 செப்டம்பர் தேர்தல் வரை வட மாகாணத்துக்குச் சபையே கிடையாது. ஆளுநர் மட்டுமே இருந்தார். 2012 இல் திவிநெகும என்ற வாழ்வாதார அபிவிருத்திச் சட்டமூலத்துக்கு வட மாகாணத்தின் சார்பில் ஆளுநர் இணக்கம் தெரிவித்தபோது, தெரிவுசெய்யப்பட்ட சபையின் கருத்தை ஆளுநர் கூற முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தப் பதவியின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தீர்மானம் அது. பிறகு சபை வந்தது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார், ஆனால் ஆளுநராக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறியே தொடர்ந்தார். சிவில் நிருவாகி ஒருவரைத் தாருங்கள் என்ற கோரிக்கை 2015 வரை கேட்கப்படவில்லை. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆயினும் நல்லவர் ஒருவரை அனுப்பினால் குறை தீரும் என்று நம்பி, நாம் ஆளை மட்டும் பார்த்து, அவர் வரும் கதவை, அதாவது ஆளுநர் பதவியின் சட்ட அமைப்பை, பார்க்காமல் விட்டுவிட்டோம். பின்னாளில் முதலமைச்சர் தன் அமைச்சர் ஒருவரை நீக்கியபோது, அந்த அதிகாரம் முதலமைச்சருக்குரியதல்ல, ஆளுநருக்கே உரியது என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்ததும் இதே கதவடியில்தான்.

கொழும்பில் வாழும் நாம் ஆளுநர் என்றால் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையுமே நினைக்கிறோம். ஆனால் 104 உறுப்பினர்கள் இருந்த மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது; அந்த ஆண்டிலேயே ஒன்பது மாகாணங்களிலும் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாமற்போனது. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. அதற்காகத் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை வகுத்த அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. மீளாய்வுக் குழுவின் அறிக்கை வெளிவரவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. இப்படிச் சபையில்லாத மாகாணத்தில் பாடசாலை, ஆஸ்பத்திரி, மாகாண வீதி யாவற்றுக்கும் செலவிட அனுமதிப்பவர் ஆளுநர். நியதிச்சட்டம் மட்டும் அவரால் ஆக்க முடியாது. ஆகவே பழைய சட்டங்களோடு மாகாணம் அப்படியே நிற்கிறது.

மாகாணப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் என் அக்காவிடம் அப்பாவின் புத்தகத்தைக் காட்டினேன். அவர் தன்னுடைய கோப்பைத் திறந்து, கடைசியாக வந்த சேவைக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தார். மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவின் கட்டளைப்படி என்று அது தொடங்குகிறது. “அந்த ஆணைக்குழுவை ஆர் நியமிச்சது?” என்று கேட்டார். ஆளுநர் என்றேன். “ஆளுநரை?” ஜனாதிபதி என்றேன். “அப்ப இதுக்குள்ள நாங்கள் வாக்குப் போட்ட மாகாண சபை எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துக் கோப்பினுள் வைத்தார். அவர் கடைசியாக மேல் மாகாண சபைக்கு வாக்களித்தது 2014 மார்ச்சில். அன்று அவருடைய பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சையையும் கடந்துவிட்டார்கள்.