அலுமாரிப் பட்டியலும் அதன் பண்புகளும்

2024 மே 4

அப்பப்பாவின் அலுமாரியிலுள்ள நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் ஓர்க் மோட் கோப்பொன்றில் பட்டியல் எழுதி வருகிறேன். கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலாளர் 2003 இல் ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பு மென்பொருளுக்காக உருவாக்கிய இம்முறையில், நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரி தலைப்பாகும். கோப்போ எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. இதுவரை ஆசிரியர், இடம், ஆண்டு யாவும் வசனங்களுக்குள்ளேயே கிடந்ததால், யாழ்ப்பாணத்தில் அச்சானவற்றை மட்டும் பிரித்தெடுக்க வழியிருக்கவில்லை. இன்று முதல் தலைப்பை அடுத்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்ற வரிக்கும் 'எண்ட்' என்ற வரிக்கும் இடையே, வரிக்கொரு பண்பாக அவற்றை எழுதுகிறேன்.

2024 மே 9

'மல்லிகை' இதழ்களைத் தொடங்கினேன். டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய சஞ்சிகை என்பதால், ஆசிரியர் பெயரை இதழுக்கிதழ் எழுதாமல் மேல்தலைப்பில் ஒருமுறை இட்டேன். குறிச்சொற்கள் கீழ்த்தலைப்புகளுக்குத் தாமாகவே இறங்கும். பண்புகளோ நாம் அமைப்பில் கேட்டுக்கொண்டால்தான் தேடலில் இறங்கும். இடத்தையும் அவ்வாறே மேலே 'யாழ்ப்பாணம்' என இட்டு, பின்னாளில் கொழும்பிலிருந்து வந்த இதழ்களுக்கு மட்டும் 'கொழும்பு' எனத் தனியே எழுதினேன்; கீழே எழுதப்பட்டதே மேலேயுள்ளதை விஞ்சி நிற்கும்.

2024 மே 18

கோயிற் பதிகச் சிறுநூல் ஒன்றின் முகப்பில் 'சர்வதாரி வருடம் ஆனி மாதம்' என்று மட்டுமே உள்ளது. அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பிவரும் பெயராதலால் 1888, 1948 இரண்டுமே பொருந்தும். முன்னுரை நாடு சுதந்திரமடைந்ததைப் பேசுவதால் 1948 என முடிவு செய்தேன். ஆயினும் அது என் ஊகமேயன்றி நூலின் கூற்றன்று. ஆகவே 'அச்சிட்டபடி' என்ற பண்பில் முகப்பு வரியை எழுத்து மாறாமலும், 'ஆண்டு' என்பதில் 1948 ஐயும், 'ஆதாரம்' என்பதில் முன்னுரையின் பக்க எண்ணையும் வைத்தேன். ஊகத்தை மூலத்தோடு கலந்து எழுதிய பட்டியலை, பின்னர் வருபவர் எவராலும் சரிபார்க்க இயலாது. இவ்விடயத்தில் சோம்பல் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

2024 மே 21

திகதி முழுமையாகத் தெரிந்த இடங்களில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில், மாதத்தையும் நாளையும் ஈரிலக்கமாக எழுதுகிறேன். அகரவரிசைப்படி அடுக்கினாலே காலவரிசை கிடைக்கிறது. நிரல் காட்சியில் கோப்பு அட்டவணையாக விரிந்தபோது, 'ஆதாரம்' வெறுமையாக உள்ள பதிவுகள் உடனே கண்ணிற்பட்டன. நாளை அவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.