குப்பைமேட்டு வாசலைக் கட்டிய பிரபு

வேதாகமத்தில் நெகேமியா 3-ஆம் அதிகாரத்தைப் பல வருடங்களாகத் தாண்டித்தான் போயிருக்கிறேன். எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டியவர்களின் பட்டியல் அது, முழுக்கப் பெயர்கள். அவன் அருகே இன்னார், இவன் அருகே இன்னார் என்று நீளும். சபையில் மூப்பர் பொறுப்பு வந்த பிறகுதான் நிதானமாக வாசித்தேன்.

முதல் வசனத்திலேயே பிரதான ஆசாரியன் எலியாசிப் எழுந்து ஆட்டுவாசலைக் கட்டுகிறார். ஜெபம் செய்து தொடங்கிவைத்துவிட்டு அவர் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் தட்டார்கள், தைலக்காரர்கள், மகள்களோடு வந்த சல்லூம். இவரும் ஒரு பிரபுதான். 14-ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். பெத்கேரேம் மாகாணத்துப் பிரபு மல்கியா எடுத்துக்கொண்டது குப்பைமேட்டு வாசல். பேரைக் கேட்டாலே மூக்கைப் பொத்தத் தோன்றும் இடம். அதற்குக் கதவு போட்டு, பூட்டும் தாழ்ப்பாளும் வைத்து முடித்திருக்கிறார்.

5-ஆம் வசனம் வேறு மாதிரி. தெக்கோவா ஊரார் வேலை செய்தார்கள். அவர்களுடைய பிரபுக்களோ ஆண்டவருடைய வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை. நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டாத மாடு மாதிரி. அந்த ஊர் ஜனங்கள் அதற்காக ஓய்ந்துவிடவில்லை, 27-ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் கட்டுகிறார்கள். மதில் 52 நாளில் முடிந்ததில் அவர்களுடைய இரட்டை உழைப்பும் இருக்கிறது.

அந்த 5-ஆம் வசனம் என்னைக் குத்தியது. ஆலயத்தைச் சுத்தம் செய்யும் சனிக்கிழமைகளில் நான் கையில் தாளோடு நின்று வேலை பிரித்துக் கொடுப்பேன். கழிப்பறையை எப்போதும் புதிதாக வந்த பையன்களுக்கே எழுதுவேன். அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் செய்வார்கள். அது எனக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் இப்போது வலிக்கிறது.

போன மாதம் கழிப்பறைக்கு நேராக என் பெயரை எழுதினேன். வடிகால் அடைத்திருந்தது. அந்தப் பையன்களில் ஒருவன் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஐயா, கம்பியை இப்படிச் சுத்தி விடணும்" என்று காட்டிக்கொடுத்தான். அதுவரை என்னிடம் ஸ்தோத்திரம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டவன், அன்று அவன் அப்பாவுக்கு வேலை போனதைச் சொன்னான். நாலு மாதமாயிற்றாம். நான் பிரசங்க மேடையிலிருந்து அவனை ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறேன்.