தருமபுரியிலிருந்து உயர் நீதிமன்றம்

எங்கள் நிலத்தகராறு மேல்முறையீடாகச் சென்னைக்குப் போன காலத்தில், வாய்தாவுக்கு முந்தைய இரவே அப்பா தருமபுரி பேருந்து நிலையத்தில் மஞ்சள் பையுடன் நிற்பார். 1862-இல் விக்டோரியா அரசியின் சாசனத்தால் தோன்றி, 1892-இல் இன்றைய செந்நிறக் கட்டடத்துக்குக் குடிபுகுந்த அந்த நீதிமன்றத்தின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமே எரிந்தது. அப்பா பார்த்ததென்னவோ தாழ்வாரத் தூண்களை மட்டுமே. 2004-இல் மதுரைக் கிளை வந்தபோதும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சென்னையின் எல்லைக்குள்ளேயே இருந்துவிட்டன.

இப்போது மின்னணு நீதிமன்றத் திட்டத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாளம் தரப்படுவதால், அடுத்த விசாரணைத் தேதியைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். ஆயினும் அப்பா, வழக்கறிஞரின் குமாஸ்தா தொலைபேசியில் சொன்னால்தான் நம்புகிறார்.