கனௌண்ட்ரா: சாலை போட்டவர்கள் கண்டெடுத்த மீன்கள்

ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து நீல மலைகளைத் தாண்டி மேற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பெலபுலா ஆற்றங்கரையில் கனௌண்ட்ரா வருகிறது. கடைத்தெருவான கேஸ்கில் தெரு வளைந்து நெளிந்து போகிறது. அந்தக் காலத்து மாட்டுவண்டித் தடத்தின் மேலேயே தெரு அமைந்துவிட்டதாம். நூல் பிடித்தாற்போன்ற தெருக்களையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு இதமாக இருந்தது.

நான் போனது மீன்யுக அருங்காட்சியகத்துக்காக. 1955இல் ஊருக்கு வெளியே சாலை வேலை செய்தவர்கள் பெரிய பாறைப் பலகை ஒன்றைப் புரட்டியபோது, அதன் அடியில் விசித்திரமான பதிவுகள் தெரிந்தன. உடைத்துச் சாலையில் கொட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓரமாக ஒதுக்கி வைத்தார்களே, அந்தப் புண்ணியவான்களுக்குத்தான் முதல் வணக்கம். ஒரே பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்களின் புதைபடிவங்கள்! அவற்றில் ஒன்றுக்கு ஊரின் பெயரையே வைத்து 'கனௌண்ட்ரா குரோசி' என்றார்கள்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் யாரும் அங்கே தோண்டவில்லை என்பதுதான் வியப்பு. 1993இல் அலெக்ஸ் ரிட்சி என்ற தொல்லுயிரியலாளர் வந்தார். உள்ளூர் நிர்வாகம் பொக்லைனைக் கொடுத்தது, ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் வெளிப்பட்டன. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், வறட்சியில் வற்றிய குளமொன்றில் சிக்கி மொத்தமாகச் செத்தவை.

அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தடுப்பெல்லாம் இல்லாமல் பாறைகளைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். பெரும்பாலானவை 'பாத்ரியோலெபிஸ்', 'ரெமிகோலெபிஸ்' என்னும் கவச மீன்கள். தலையும் மார்பும் எலும்புத் தகடுகளால் ஆன பெட்டி; பக்கத்தில் நண்டுக்கால் போல நீளும் துடுப்பு. எலும்பு கரைந்து பள்ளம் மட்டும் மிஞ்சியிருப்பதால், அதில் ரப்பர் பால் ஊற்றி வார்ப்பெடுத்துத்தான் ஆராய்கிறார்கள். தகட்டின் மேலிருக்கும் சிறு புள்ளிகள்கூட வார்ப்பில் தெரிகின்றன. இவற்றுக்கு நடுவே வேட்டைக்கார மீன் 'மண்டஜேரியா', ஆள் நீளத்துக்குக் கிடக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அடையாளப் புதைபடிவம் இதுதான்.

ஊர்க்காரர்கள் உற்சாகமாகச் சொல்லும் கதை வேறு. 1863 அக்டோபரில் பென் ஹால், கில்பர்ட் என்ற கொள்ளையர்களின் கும்பல் ஊரையே பிடித்து, ராபின்சன் ஓட்டலில் எல்லாரையும் அடைத்து வைத்து, மூன்று நாள் குடியும் கூத்துமாக விருந்து நடத்தியது. காவலரும் அவர்கள் கையில் கைதி! சாப்பாட்டுக்கும் சாராயத்துக்கும் கும்பலே காசு கொடுத்ததாம். கொள்ளையர்களை இவ்வளவு செல்லமாக நினைவில் வைத்திருக்கும் நாடு எனக்கு இன்னும் புதிர்தான்.

இந்த மண்ணுக்கு உரியவர்களான விராஜுரி பழங்குடி மக்களைப் பற்றிச் சொல்ல அந்த உற்சாகம் வரவில்லை. கிழக்கே உள்ள பாதர்ஸ்டில் 1824இல் அவர்களுக்கு எதிராக ஆளுநர் பிரிஸ்பேன் ராணுவச் சட்டமே அறிவித்தார். நிலத்துக்காக மூண்ட சண்டை அது. மூன்று நாள் கூத்தை நாள்வாரியாகச் சொல்லும் ஊர், அதையும் அதே விவரத்தோடு சொல்லலாம்.