பத்தாயிரம் என்பது எத்தனை நிமிடம்?

அளவீடுகளைத் திரட்டி சர்வருக்கு அனுப்பும் டெலிகிராஃப் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் 'மெட்ரிக் பஃபர் லிமிட்' என்ற வரிக்கு நேரே 10,000 என்று இருக்கும்; அனுப்ப முடியாதபோது எத்தனை அளவீடுகளைத் தேக்கி வைக்கலாம் என்பதற்கான வரம்பு அது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் வெப்பநிலையையும் கம்ப்ரசர்களையும் கண்காணிக்கும் சிறு கணினியில் அந்த வரியை நான் அப்படியே விட்டிருந்தேன். ஓர் இரவு இணைய இணைப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறுந்து கிடந்தது. காலையில் வரைபடத்தைத் திறந்தபோது, இணைப்பு திரும்புவதற்கு முந்தைய எட்டு நிமிடங்களுக்கு மட்டுமே கோடு இருந்தது. துண்டிப்பின் மற்ற நேரம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. மென்பொருளின் பதிவேடான லாகில் 'மெட்ரிக் பஃபர் ஓவர்ஃப்ளோ' (தேக்கம் நிரம்பி வழிகிறது) என்ற எச்சரிக்கை வரிவரியாக நின்றது.

அந்தக் கணினி 10 விநாடிக்கு ஒருமுறை 200 அளவீடுகளை எடுத்தது. எனவே 10,000 இடங்களும் 50 சுற்றில், அதாவது 8 நிமிடம் 20 விநாடியில் நிரம்பிவிட்டன. நிரம்பிய பிறகு டெலிகிராஃப் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கிறது. இப்போதைய நிலையை மட்டும் பார்ப்பவருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் கம்ப்ரசர் எப்போது நின்றது, அறை எப்போது சூடேறத் தொடங்கியது என்று மறுநாள் தேடுபவருக்குக் கோளாறின் முதல் நிமிடங்கள்தாம் வேண்டும். அவையே முதலில் அழிகின்றன.

ஆகவே இப்போதெல்லாம் எத்தனை மணி நேரத் துண்டிப்பைத் தாங்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதிலிருந்துதான் எண்ணிக்கைக்கு வருகிறேன். இந்தக் கிடங்குக்கு 6 மணி நேரம் என்று முடிவு செய்தேன். 10 விநாடி இடைவெளியில் அதற்கு 4,32,000 இடங்கள் தேவை. அளவீடு ஒன்றுக்கு 1 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் நானூறு மெகாபைட்டுக்கு மேல் போகும், 1 ஜிபி நினைவகமே உள்ள கணினியில் அவ்வளவு ஒதுக்க எனக்குத் துணிவில்லை. குளிரறையின் வெப்பநிலை 10 விநாடியில் பெரிதாக மாறிவிடுவதும் இல்லை. இடைவெளியை 30 விநாடியாக்கினால் 1,44,000 போதும் என்பதால் 1,50,000 என்று வைத்தேன். இந்த வரம்பு ஒவ்வொரு அவுட்புட்டுக்கும், அதாவது தரவு போய்ச் சேரும் ஒவ்வோர் இடத்துக்கும், தனித்தனியாக வருவதால், இரண்டு சர்வர்களுக்கு அனுப்புபவர்கள் நினைவகக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் நினைவகத்தில் இருப்பது. 1.32 பதிப்பிலிருந்து வட்டில் சேமிக்கும் வழி சோதனை நிலையில் வந்திருக்கிறது. ஓயாமல் எழுதினால் தேய்ந்துபோகும் மெமரி கார்டை நம்பி ஓடும் கணினியில் அதை நான் இன்னும் இயக்கவில்லை. இணைப்பு இல்லாத நேரத்தில் யாராவது பதற்றத்தில் கணினியை அணைத்துப் போட்டால் சேர்த்தது அனைத்தும் போய்விடும் என்பதால், ரௌட்டருக்குப் பக்கத்திலிருக்கும் அந்தப் பெட்டியின் மேல் 'நெட் வரும் வரை இதை அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.