கண்ணும் சரி, கையும் சரி, ஆனால் டம்ளர் மட்டும் சிக்கவில்லை

ஸ்ட்ரோக் வந்து மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது நடக்க முடிந்தது, பேச முடிந்தது. இடது கையின் பிடியும் திரும்பிவிட்டது. ஆனால் மேஜையில் இடது பக்கம் இருக்கும் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால், கை நாலு விரற்கடை தள்ளிப்போய் நிற்கும். விரல்கள் அகல விரிந்து வெறும் மேஜையைத் தடவும். டம்ளரில் முட்டிய பிறகுதான் பிடிக்கும். பல தடவை முட்டியதிலேயே தண்ணீர் கொட்டிவிடும்.

"பார்த்து எடுங்கப்பா" என்பாள் மகள். நான் பார்த்துத்தான் எடுத்தேன். அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவித்தது இன்னும் நினைவிருக்கிறது.

கண் பரிசோதனையில் பார்வை சரியாக இருந்தது. பிசியோதெரபியில் கைக்கு வலு இருக்கிறது என்றார்கள். கவனக்குறைவு, பழகப் பழகச் சரியாகும் என்று ஒருவர் அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் அப்படியே போனது.

அப்புறம் பார்த்த நரம்பியல் மருத்துவர் பொறுமையாகச் சோதித்தார். இடது கையால் மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டேன். சட்டைப் பொத்தான் போடச் சொன்னார், போட்டேன். பிறகு, "என் முகத்தையே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு எனக்கு இடது பக்கமாக ஒரு பேனாவை நீட்டினார். இடது கை அதைத் தாண்டிப் போனது. நேராகப் பேனாவைப் பார்த்து எடுக்கச் சொன்னபோது ஏறக்குறையப் பிடித்துவிட்டேன். அடுத்து ஓர் அட்டையில் சாய்வாக வெட்டிய துளையைக் காட்டி, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். ஆனால் இடது கையால் அதற்குள் ஒரு கார்டைச் செருகப் போனால் கார்டு வேறு சாய்வில் திரும்பி நின்றது.

கண்ணுக்குத் தெரியும் பொருளை எடுக்கப் போகும் கை இப்படித் தவறுவதற்குப் பெயர் 'ஆப்டிக் அட்டாக்சியா'. 1909-இல் ரெஜோ பாலின்ட் என்ற ஹங்கேரி மருத்துவர் விவரித்தது. பார்த்தது என்ன பொருள் என்று அறிய மூளையில் ஒரு பாதை, அதை எடுக்கக் கையை எப்படிக் கொண்டுபோவது என்று கணக்கிட இன்னொரு பாதை. இப்படி 1992-இல் குட்டேல், மில்னர் என்ற ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். இரண்டாவது பாதை உச்சந்தலைக்குப் பின்புறமுள்ள பரைட்டல் பகுதி வழியாகப் போகிறது. என் எம்ஆர்ஐ-யில் அடிபட்டிருந்தது அதே இடம், வலது பக்கத்தில். இடது கையைக் கவனிப்பது மூளையின் வலது பக்கம்தான். மூக்கும் பொத்தானும் என் உடம்போடு இருப்பவை, அவற்றைத் தேடக் கைக்குக் கண் தேவையில்லை. குட்டேலும் மில்னரும் ஆராய்ந்த ஒரு பெண்ணுக்கு என்னுடையதற்கு நேர்மாறான நிலை. கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்ட அவரால் துளையின் சாய்வைச் சொல்ல முடியவில்லை, கார்டை மட்டும் சரியாகச் செருகினார்.

நல்ல கை போகும் வழியிலேயே பொருளின் அளவை விடக் கொஞ்சம் கூடுதலாக விரிந்து, நெருங்க நெருங்கக் குவியும். என் கைக்குப் பென்சிலும் டம்ளரும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் ஒரே விரிப்பு.

அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் முதலில் பழகியது தலையைத் திருப்பிப் பொருளை நேராகப் பார்ப்பது. அதன் பிறகே கையை நீட்டுவது. மேஜை விளிம்பைத் தொட்டு, அதை ஒட்டியே கையை நகர்த்துவது இன்னொன்று. என்னை அசர வைத்தது வேறு. பொருளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, ஐந்து எண்ணி, அப்புறம் நீட்டச் சொன்னார்கள். கை முன்னைவிட நெருக்கமாகப் போனது! உடனே நீட்டினால் கை பழுதான பாதையை நம்புகிறது, தாமதித்தால் நினைவில் பதிந்த படத்தை வைத்துப் போகிறது என்று விளக்கினார்கள். எல்லாருக்கும் எல்லா நேரமும் பலிக்காது என்றும் சொன்னார்கள். எனக்குச் சுவர் சுவிட்சுக்கு இன்றும் இது உதவுகிறது.

வீட்டில் யாருக்காவது மூளைப் பாதிப்புக்குப் பிறகு இப்படிக் கை தவறினால், தயவுசெய்து கவனக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் பொருளைக் காட்டி எடுக்கச் சொல்லும் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டு மாதமாகிறது. போன வாரம் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இடது பக்கம் கை நீட்டினேன். டம்ளரின் பக்கவாட்டில் இரண்டு விரல் மோதியது. அப்படியே வழுக்கிப் போய்ப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் சிந்தவில்லை. அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.