வெள்ளச்சிக்குக் கால் வரல

பிப்ரவரி 3
காலையில் கொடாப்பைத் தூக்கினதும் நாட்டுக்கோழிகள் எல்லாம் குப்பைமேட்டுக்கு ஓடிவிட்டன. வெள்ளச்சி மட்டும் எழவில்லை. இறக்கையை ஊன்றி நகரப் பார்க்கிறது, பின்பக்கம் வரமாட்டேன் என்கிறது. கம்பு போட்டால் கொத்துகிறது.

அத்தை பார்த்ததும், "வெள்ளைக்கழிச்சல் கண்ணு, மத்ததுக்கும் ஒட்டிக்கும். இன்னைக்கே அறுத்துரலாம்" என்றார். கழிச்சலே இல்லை, எச்சம் கெட்டியாக இருக்கிறது. கழுத்து திருகவில்லை, மூச்சு இழுக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மாட்டுக்கொட்டகை மூலையில் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இது பண்ணைக் கோழி. எங்கள் நாமக்கல் பக்கம் 80 வாரம் நெருங்கினால் முட்டைக்கோழியை மொத்தமாக லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படிக் கழித்ததில் ஒன்றைக் குழம்புக்கு என்று வாங்கினோம். மறுநாள் காலையில் முட்டை போட்டு உயிர் தப்பியது. அன்றிலிருந்து அநேகமாகத் தினம் ஒரு முட்டை. நுனி வெட்டின அலகால் நாட்டுக்கோழி போலப் பொறுக்கித் தின்னத் தெரியாது, ஆனால் முட்டைக்குக் குறைவில்லை.

பிப்ரவரி 4
மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். வரிசையில் எல்லாம் ஆடும் கன்றுக்குட்டியும். ஒரு பெரியவர், "கோழிக்கு டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.

டாக்டர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார், புண் இல்லை. முட்டை சிக்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தடவினார், அதுவும் இல்லை. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் என்கிற வைரஸ் நோயாக இருக்கலாமாம். ஆனால் அது பெரும்பாலும் இளங்கோழிக்கு வருவது. இதற்கு இரண்டு காலும் ஒரே மாதிரி சோர்ந்திருக்கிறது. "சுண்ணாம்புச் சத்து போச்சும்மா" என்றார்.

அவர் சொன்ன கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேல் கால்சியம். கோழியின் எலும்பு மொத்தத்திலும் இருப்பதே 20 கிராம் சொச்சம்தான். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி ராத்திரி, அப்போது தீனி உள்ளே போகாது. போதாததை எலும்பிலிருந்து எடுக்கும். பண்ணைத் தீவனத்தில் நாளுக்கு 4 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். நம் வீட்டில் கம்பும் குருணையும் போட்டு தினம் ஒரு முட்டை கேட்டால் எங்கிருந்து வரும்?

கால்சியம் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் கிளிஞ்சல் குருணை தனிக் கிண்ணத்தில் வைக்கணும், காலை வெயில் படணும், இருட்டினதும் பல்பு போடக்கூடாது. பண்ணையில் 16 மணி நேர வெளிச்சத்தில் முட்டையிட்டுப் பழகினது. வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும், எலும்பு தேறும். கிளிஞ்சலைப் பொதுத் தீனியில் கலக்க வேண்டாம் என்றும் சொன்னார். சேவலுக்கும் குஞ்சுகளுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு போனால் சிறுநீரகம் கெடுமாம்.

பிப்ரவரி 5
எறும்பு! நகர முடியாத கோழிக்குக் கீரியைவிட இதுதான் எமன். வைக்கோலை மாற்றி, கட்டில்மேல் ஏற்றி, கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன்.

பிப்ரவரி 8
வேலை இதுதான்: காலையில் பின்பக்கத்து எச்சத்தை வெந்நீரில் கழுவித் துடைப்பது, வெயிலில் வைப்பது, நெஞ்செலும்பில் புண் வராமல் பக்கம் மாற்றி உட்கார வைப்பது. தண்ணீர்க் கிண்ணத்தை அலகுக்கு எட்டும் உயரத்தில் வைக்காவிட்டால் குடிப்பதே இல்லை. அத்தை விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கால் முழுக்கத் தடவியிருக்கிறார். மருந்தாகுமோ இல்லையோ, அறுக்கும் பேச்சு நின்றது.

பிப்ரவரி 11
தோல்முட்டை போட்டிருக்கிறது. கையில் எடுத்ததும் அமுங்குகிறது. வீட்டில் முட்டையைப் பார்த்து யாரும் இப்படி வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 17
எழுந்து நின்றது. சுவரில் சாய்ந்துதான், கால் நடுங்கியது. உடனே உட்கார்ந்தும்விட்டது. தோல்முட்டைக்குப் பிறகு முட்டை இல்லை. கிளிஞ்சலை மட்டும் கிண்ணம் காலியாகும்வரை விடுவதில்லை.

பிப்ரவரி 22
கோழிக்கழிச்சல் (அத்தை சொன்ன வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமுக்கு மற்றக் கோழிகளைக் கொண்டுபோனோம். வெள்ளச்சி தேறட்டும், பிறகு போடலாம் என்றார்கள். கொஞ்ச நேரம் கூட்டத்தோடு விட்டுப் பார்த்தேன். ஒரு விடைக்கோழி தலையிலேயே கொத்தியது. மறுபடி தனி இடம்.

மார்ச் 1
கொட்டகையிலிருந்து தொட்டி வரைக்கும் நடந்து போகிறது, கொஞ்சம் அகட்டி அகட்டி. இறகு உதிர்கிறது, கொண்டை சுருங்கி வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "மறுபடி சீக்காயிருச்சா?" என்று கேட்டார். முட்டை நின்றால் கொண்டை இப்படித்தான் ஆகும் என்றேன். "அப்ப முட்டையும் இல்ல, கறியும் இல்ல, வெறும் தீனிச் செலவு" என்று அத்தை அங்கிருந்தே சொன்னார். உண்மைதான். சொட்டு மருந்து இன்னும் கால் பாட்டில் இருக்கிறது. அடுத்து என்ன கொடுப்பது என்று திங்கட்கிழமை டாக்டரைக் கேட்கணும்.